கூத்தாடி கிழக்கே பார்ப்பான்

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்று ஒரு பழமொழி உண்டு. கூலிக்காரனுக்குப் பொழுது சாய்ந்தால் வேலை முடியும். ஆகவே அவன் கண் மேற்கே இருக்கும். கூத்தாடிக்குப் பொழுது விடிந்தால்தான் வேலை முடியும். ஆகவே அவன் கண் கிழக்கே இருக்கும். காரைக்குடிச் சீமையில் பங்குனி, சித்திரை மாதத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழமொழியை விளக்க வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் பபூன் வந்து சபைக்கு வணக்கம் சொல்லுவான். முருகன் வள்ளிக்கு மாலையிடும்போது கோழி கூவிவிடும்.

இந்தப் பழமொழியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் மூன்றாவதாக ஒரு ஆசாமியும் இருக்க வேண்டும் அல்லவா? கூத்தாடி கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்த்துக்கொண்டு பாயிலும் மணலிலும் உட்கார்ந்திருக்கிறதே ஒரு பெருங்கூட்டம், அது எந்தப் பக்கம் பார்க்கிறது? கூத்தாடியைப் பார்க்கிறதா, அவன் போட்டிருக்கும் வேஷத்தைப் பார்க்கிறதா? நாடகத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் ஆசிரியர்களைப் பற்றி எழுதினார்கள். நடிகர்களைப் பற்றி எழுதினார்கள். ஆதரித்த அரசர்களைப் பற்றியும் எழுதினார்கள். தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் சரித்திரத்தைத் தனியாக எழுதியவர்கள் குறைவு. கொஞ்சம் துருவிப் பார்த்தால் அது வெகு சுவாரசியமான சரித்திரம் என்பது தெரியவரும். கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய சரித்திரம் என்பதும் தெரியவரும்.

தமிழில் நாடகக் கூட்டத்தை நன்றாகக் கவனித்தவர் வேறு யாருமல்ல, திருவள்ளுவர்தான். நிலையாமையைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், பெருஞ்செல்வம் ஒருவனிடம் சேர்வது கூத்தாடும் இடத்தில் கூட்டம் சேர்வது போல என்கிறார். செல்வம் போவதும் அந்தக் கூட்டம் கலைவது போலத்தான் என்கிறார். கூட்டம் மெல்ல மெல்ல, ஒருவர் இருவராய், குழந்தை குட்டிகளுடன் வந்து சேரும். ஆட்டம் முடிந்ததும் ஒரே கணத்தில் எழுந்து போய்விடும். திரும்பிப் பார்க்கிறவர் யாரும் இல்லை. வள்ளுவர் செல்வத்தைப் பற்றித்தான் சொன்னார் என்றாலும், கூத்தாடியின் நிலைமையையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

வடமொழியில் பரத முனிவர் செய்ததாகச் சொல்லப்படும் நாட்டிய சாஸ்திரம் உலகத்தின் முதல் நாடகத்தைப் பற்றி ஒரு கதை சொல்லுகிறது. இந்திரனுடைய கொடிவிழாவில் பரதரின் பிள்ளைகள் நாடகம் ஆடினார்கள். தேவர்கள் அசுரர்களை வென்றதுதான் கதை. தேவர்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இந்திரன் தன் கொடிமரத்தையே பரிசாகக் கொடுத்தான். சூரியன் குடை கொடுத்தான். வாயு விசிறி கொடுத்தான். ஆனால் அசுரர்களும் சபையில் உட்கார்ந்திருந்தார்கள்! தங்கள் தோல்வியைத் தங்கள் கண் முன்னாலேயே ஆடிக் காட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? எழுந்து கலகம் செய்தார்கள். நடிகர்களுக்கு வாய் அடைத்துப்போயிற்று, பாடம் மறந்துபோயிற்று, கை கால் அசையவில்லை. இந்திரன் பரிசாகக் கொடுத்த அதே கொடிக்கம்பை எடுத்துக் கலகக்காரர்களை நையப் புடைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் நாடகத்துக்கென்று தனியாக ஒரு கட்டிடம் கட்டும்படி விசுவகர்மாவுக்குக் கட்டளை பிறந்ததாம். ஆக, நாடகக் கொட்டகை என்பது மழைக்கும் வெயிலுக்கும் பயந்து கட்டியதல்ல. சபையோருக்குப் பயந்து கட்டியது!

அதே நூலின் இருபத்தேழாவது அத்தியாயம் சபையோரின் நடத்தையை ஜாபிதா போட்டுத் தருகிறது. நாடகம் வெற்றி பெற்றது என்பதற்கு அடையாளங்கள் என்னென்ன? புன்னகை, பெருஞ்சிரிப்பு, 'பலே' என்ற ஆரவாரம், சோகக் காட்சியில் 'ஐயோ' என்ற முனகல், மயிர்க்கூச்சு, இருக்கையை விட்டு எழுந்து நிற்பது, மேலாடையையும் மோதிரத்தையும் கழற்றி வீசுவது. இவற்றைவிட உயர்ந்த வெற்றி ஒன்று உண்டு. அரங்கம் நிறைந்திருக்கும், ஓசையே இராது. அதை மனிதர் தரும் வெற்றியாகச் சொல்லாமல் தெய்வம் தரும் வெற்றி என்றே அந்த நூல் சொல்லுகிறது. தோல்விக்கும் ஜாபிதா உண்டு. பகையாளிகள் சபையில் கூச்சல் போடுவார்கள். சாணி, மண்கட்டி, கல் இவற்றை எடுத்து எறிவார்கள். 'அழுகிய முட்டை வீசுவது மேல்நாட்டு நாகரிகம்' என்று நினைப்பவர்கள் நம் முன்னோர்களுக்கு அநியாயம் செய்கிறார்கள்.

இந்த நூலின் கடைசியில் ஒரு சாபமும் இருக்கிறது. பரதரின் பிள்ளைகள் நகைச்சுவை மிஞ்சிப்போய் ரிஷிகளையே கேலி செய்து ஆடினார்கள். ரிஷிகள் கோபித்து, 'உங்கள் குலம் தாழ்ந்துபோகக் கடவது' என்று சபித்துவிட்டார்கள். கதை எப்படியாவது இருக்கட்டும். நாடகக்காரன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே வேரூன்றியிருந்தது என்பதும், அதற்கு ஒரு காரணம் கற்பிக்க வேண்டியிருந்தது என்பதும் இதிலிருந்து தெரிகின்றன. மனுதர்ம சாஸ்திரம் கூத்தாடியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக்கூடாது என்கிறது. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரமோ, கூத்தர்கள் கிராமத்துக்குள் வந்து குடியானவர்களின் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று தடை போடுகிறது. மோதிரத்தைக் கழற்றி எறிந்த அதே கை, நீதிமன்றத்தில் அவனை வெளியே தள்ளியது.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் சற்று மேலாக இருந்தது என்று சொல்லலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 1057ஐ ஒட்டிய காலம். வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காக, விசயராசேந்திர ஆசாரியன் என்ற பட்டம் பெற்ற சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் கொடுக்கும்படி அரசன் ஆணையிட்டிருக்கிறான். அந்த நடிகனின் இயற்பெயரும் கல்லில் இருக்கிறது: திருவாலன் திருமுதுகுன்றன். ஒரு நடிகனின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த காலமும் தமிழ்நாட்டில் இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் சிலப்பதிகாரத்தைப் புரட்டினால் இன்னொரு பக்கம் தெரிகிறது. மாதவி ஏழாண்டு பயின்று, அரங்கேறி, அரசனிடம் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் வாங்குகிறாள். இதைவிடப் பெரிய மரியாதை ஒரு கலைஞருக்கு என்ன வேண்டும்? அடுத்து நடப்பது என்ன? அந்த மாலை ஒரு கூனியின் கையில் ஏறி, நகரத்து வாலிபர்கள் திரியும் வீதிக்கு விலைக்கு வருகிறது. வாங்குகிறவன் மாதவிக்கு மணமகன்! அரங்கத்தில் பரிசாக இருந்தது வீதியில் விலையாகிவிட்டது. சபையோர் கொடுத்த பரிசு கலைக்குத்தானா என்ற கேள்வியை இளங்கோவடிகள் அன்றைக்கே எழுப்பிவிட்டார்.

அரசர்களின் அரங்கத்தை விட்டு ஊர்ப் பொது மைதானத்துக்கு வருவோம். அங்கே நாடகம் பார்ப்பது என்பது பொழுதுபோக்கு அல்ல. வழிபாட்டில் ஒரு பகுதி. தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தில் அர்ச்சுனன் தபசு நடக்கும்போது, அர்ச்சுனன் வேஷக்காரன் உயரமான தபசு மரத்தின் மேல் ஏறி நின்று எலுமிச்சம் பழங்களை வீசுவான். பிள்ளையில்லாத பெண்கள் கீழே நின்று மடியேந்துவார்கள். மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்ம முகமூடிக்கு ஆண்டு முழுவதும் பூசை நடக்கிறது. முகமூடி அணிந்தவனுக்கு ஆவேசம் வந்துவிடும் என்று பக்கத்தில் ஆட்கள் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்பார்கள். பார்க்கிறவர்கள் கைகூப்பித் தொழுவார்கள். அந்த நேரத்தில் மேடையில் இருப்பவன் பக்கத்து ஊர்க் குடியானவன் என்பது யாருக்கும் நினைவில் இராது. இருக்கவும் கூடாது. ஆனால் முகமூடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்த பிறகு பூசை பெட்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல.

நம் சபையோரின் மனப்பான்மைக்கு இதுவே திறவுகோல் என்று நினைக்கிறேன். வேஷத்தின்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை எல்லையற்றது. அந்த நம்பிக்கை தெய்வ வேஷத்துக்கு மட்டும் அல்ல. அரக்க வேஷத்துக்கும் இருந்தது.

இதற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கையைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. 1867இல் தூத்துக்குடியில் பிறந்த சுவாமிகள் உப்புப் பண்டகசாலையில் கணக்கு வேலை பார்த்துவிட்டு, இருபத்து நான்காம் வயதில் நாடகத்துக்கு வந்தார். பிற்காலத்தில் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை எழுதி, தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று பெயர் பெற்றார். ஆனால் ஆரம்பத்தில் அவரே நடித்தார். எமன், சனீசுவரன், இராவணன், இரணியன் போன்ற வேஷங்களில் அவரைக் கண்டு நடுங்காதவர் இல்லை. நாடக உலகில் வழிவழியாகச் சொல்லிவரும் இரண்டு சம்பவங்கள் உண்டு. ஒரு நாள் சனீசுவரன் வேஷம் போட்டு ஆடிவிட்டு, உடம்பெல்லாம் கரிய பூச்சோடு, விடியற்காலையில் வேஷம் கலைக்க நீர்த்துறைக்குப் போனார். துணி வெளுக்க அங்கே வந்திருந்த பெண்மணி ஒருத்தி அவரைக் கண்டாள். சாக்ஷாத் சனி பகவானே வந்துவிட்டார் என்று பதைத்து விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மற்றொரு நாள் சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாய்ந்து வந்தபோது, சபையில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துபோயிற்று. இந்த இரண்டுக்கும் பிறகு சுவாமிகள் வேஷம் போடுவதையே விட்டுவிட்டார் என்பார்கள்.

இந்தக் கதையை நாம் வழக்கமாகச் சுவாமிகளின் நடிப்புத் திறமைக்குச் சான்றாகச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். நியாயம்தான். ஆனால் சற்று அவர் பக்கத்தில் நின்றும் யோசிக்க வேண்டும். தாம் செய்கிற தொழிலில் தாம் அடைந்த வெற்றியே ஓர் உயிருக்கு எமனாயிற்று என்று நினைத்த மனிதர் எத்தனை இரவுகள் தூங்கியிருப்பார்? சபையோர் எமனைப் பார்த்தார்கள், சங்கரதாஸைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் இன்னும் பல ஆண்டுகள் நடித்திருப்பார். 1918இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்துச் சிறுவர்களைப் பழக்கினார். 1922இல் புதுச்சேரியில் காலமானார்.

சுவாமிகளுடைய நாடகங்கள் பரவிய காலத்தில்தான் மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை என்று இந்த வட்டாரம் முழுவதும் கொட்டகை நாடகம் செழித்தது. நகரத்தார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். நாடகக் கம்பெனிகளும் அந்தக் கடல்களைத் தாண்டிப் போய் வந்தன. ஊரில் ஓலைக் கொட்டகை, காஸ் விளக்கு, காலால் மிதிக்கும் ஹார்மோனியம். முன்னால் நாற்காலி, அதற்குப் பின்னால் பெஞ்சு, அப்புறம் தரை. பெண்களுக்குத் தனி இடம். 'ராஜபார்ட்', 'ஸ்திரீ பார்ட்', 'கள்ளபார்ட்' என்ற சொற்களெல்லாம் தமிழாகிவிட்ட காலம் அது.

அந்தக் கொட்டகையில் சபையோர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நாடகத்தைப் பாதி அவர்களே நடத்தினார்கள் என்று சொன்னாலும் தகும். பாட்டுப் பிடித்துவிட்டால் 'ஒன்ஸ்மோர்!' என்ற கூக்குரல் கொட்டகைக் கூரையைப் பிளக்கும். இங்கிலீஷில் அந்த இரண்டு வார்த்தைகளைத் தவிர வேறு வார்த்தை அறியாதவர்களும் அந்த இரண்டையும் அறிந்திருந்தார்கள். பாடிக்கொண்டே உயிரை விட வேண்டிய பாத்திரமானால் என்ன செய்வது? எழுந்து மறுபடி பாடிவிட்டு, மறுபடி உயிரை விட வேண்டியதுதான். தனவந்தர்கள் மெடல் குத்துவார்கள். மற்றவர்கள் ஐந்தும் பத்துமாக அன்பளிப்பு அனுப்புவார்கள். மயான காண்டத்தில் சந்திரமதி, பாம்பு கடித்து இறந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு கதறும் சமயம். பபூன் வந்து அழுகையை நிறுத்தச் சொல்லி, 'நம் சந்திரமதி அவர்களுக்கு இன்னார் அன்பளித்தது ரூபாய் ஐந்து' என்று அறிவிப்பான். சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பிப்பாள். சபையோரும் அவளோடு சேர்ந்து உண்மையாகவே அழுவார்கள். இதில் ஒரு முரண்பாடும் அவர்களுக்குத் தோன்றியதில்லை.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் மேடையிலேதான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் உண்மையான போட்டியாகவே மாறிவிடும். சபை இரண்டாகப் பிரிந்து நிற்கும். 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்ற பழமொழி இங்கே பொருத்தம் போலத் தோன்றும். ஆனால் தோற்றவருக்கு என்ன ஆயிற்று என்பதைப் பழமொழி சொல்லவில்லை. அடுத்த திருவிழாவுக்கு அவருக்கு அழைப்பு வராது. கொண்டாட்டமெல்லாம் ஊருக்குத்தான்.

கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கதையும் இதையே சொல்லுகிறது. பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்திய அந்த அம்மையாரின் தாரா சசாங்கத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காக ரயில்வேக்காரர்கள் தனி வண்டி விட்டார்கள். அதற்குப் 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே பெயர் வழங்கிற்று என்று சொல்லுவார்கள். கடைசிக் காலத்தில் அவர் மதுரையில் வறுமையில் வாடினார் என்றும் சொல்லுவார்கள். ரயில் ஏறி வந்த கூட்டம் எங்கே போயிற்று? வள்ளுவர் சொன்ன இடத்துக்குத்தான்.

இந்த அவமரியாதையெல்லாம் தமிழருக்கே உரிய பாவம் என்று தலை குனிய வேண்டாம். இங்கிலாந்தில் 1572ஆம் ஆண்டுச் சட்டம், பிரபுக்களின் ஆதரவில்லாத நடிகர்களை நாடோடிப் பிச்சைக்காரர்களோடு சேர்த்தது. பிரான்சின் மகா நாடகாசிரியரும் நடிகருமான மோலியேர் 1673இல் மேடையில் நடித்துக்கொண்டிருக்கும்போதே நோய் முற்றி அன்றிரவே இறந்தார். நடிகர் என்பதால் அவரைப் புதைக்கப் பாதிரிமார்கள் இடம் தர மறுத்தார்கள். அரசன் தலையிட்ட பிறகே, இரவு நேரத்தில், சடங்குச் சிறப்பின்றி அடக்கம் நடந்தது. லண்டனில் 1809இல் ஒரு தியேட்டரில் டிக்கெட் விலையை உயர்த்தியதற்காகச் சபையோர் அறுபது இரவுகளுக்கு மேல் தொடர்ந்து கூச்சல் போட்டு, நிர்வாகத்தைப் பணிய வைத்தார்கள். நியூயார்க்கில் 1849 மே 10ஆம் தேதி, ஓர் ஆங்கில நடிகர் உயர்ந்தவரா, ஓர் அமெரிக்க நடிகர் உயர்ந்தவரா என்ற தகராறு முற்றி, பட்டாளம் துப்பாக்கிப் பிரயோகம் செய்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆங்கில நடிகர் ஒருவருக்கு முதல்முதலாக 'சர்' பட்டம் கிடைத்ததே 1895இல்தான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் நடிகனோடு சண்டை போட்டார்கள். நடிகனை மனிதனாக எண்ணி வெறுத்தார்கள், மனிதனாக எண்ணியே கொண்டாடினார்கள். நாம் வேஷத்தைக் கும்பிட்டோம், வேஷத்துக்குப் பயந்தோம். மனிதனை எண்ணிப் பார்க்கவே இல்லை. எண்ணிப் பார்த்த சமயத்தில் 'கூத்தாடி' என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அந்த வார்த்தையைத் துடைக்க முன்வந்தவர்களில் முக்கியமானவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை அவர் ஆரம்பித்தபோது வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசத் துணிந்தார்கள். பிற்காலத்தில் நீதிபதியாகவும் இருந்த முதலியார், குறித்த நேரத்தில் திரையைத் தூக்குவதையும் நாடகத்தைச் சில மணி நேரத்தில் முடிப்பதையும் ஒரு விரதமாகவே கொண்டிருந்தார். சபையோர் ஒழுங்காக நாற்காலியில் உட்காரக் கற்றுக்கொண்டார்கள். அவருக்கு 1959இல் பத்ம பூஷண் விருதும் கிடைத்தது. எல்லாம் நல்லதே. ஆனால் ஒரு சந்தேகம் எழுகிறது. ஒரே கலை, ஒரே அரிதாரம். கூலி வாங்காமல் ஆடினவருக்கு மரியாதை வந்தது. கூலி வாங்கி ஆடினவன் கூத்தாடியாகவே இருந்தான். அப்படியானால் நாம் இகழ்ந்தது கூத்தையா, கூலியையா? ஆடினவன் பிறந்த குலத்தையா?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே பதிலாகக் கொடுத்தவர் விசுவநாத தாஸ். 1886இல் சிவகாசியில் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். அற்புதமான குரல். காந்தி சகாப்தத்தில் நாடக மேடையையே தேசியப் பிரசாரத்துக்குக் கருவியாக்கினார். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் கட்டம் வரும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டை அந்த இடத்தில் தாஸ் எடுத்தார் என்றால், அந்த வெள்ளைக் கொக்கு எது என்று தரை டிக்கெட்டில் இருந்த குழந்தைக்கும் தெரியும். சபையோர் ஆர்ப்பரிப்பார்கள். வாசலில் போலீஸார் வாரண்டோடு காத்திருப்பார்கள். அவர் எத்தனையோ தடவை கைதானார், சிறை சென்றார். சிறையிலிருந்து வந்ததும் மறுபடி அதே பாட்டு. சட்டம் தடுத்ததைச் சபையோர் கேட்டு வாங்கினார்கள். நம் நாட்டுச் சபையோர் ஒரு நடிகரோடு தோளோடு தோளாக நின்ற பெருமைக்குரிய காலம் அது.

அதே மனிதரோடு சேர்ந்து நடிக்கச் சில நடிகைகள் மறுத்தார்கள். காரணம், அவர் பிறந்த குலம். அந்த நடிகைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மேடையில் அவரை முருகனென்று கும்பிட்ட சமூகம் மேடைக்குக் கீழே எப்படி நடந்துகொண்டதோ, அதைத்தான் அவர்களும் செய்தார்கள். கைதும் வழக்கும் வருமானத்தைத் தின்றன, கடன் சூழ்ந்தது. 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். தாஸ் முருக வேஷத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார். பாட்டு நின்றது. மயில் மேல் இருந்தபடியே உயிர் பிரிந்துவிட்டது. சபையோர் கண்டது முருகனை. இழந்தது விசுவநாத தாஸை. அன்றைக்கு ஒரு நாளாவது வேஷத்துக்குள் ஒரு மனிதர் இருந்தார் என்பது ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தெரிந்தது. தெரிவதற்கு அவர் சாக வேண்டியிருந்தது.

நடிகர்களுக்கு நாம் கொடுத்த பட்டங்களைப் பார்த்தாலும் இந்த மனப்பான்மை விளங்கும். பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாபாக நடித்தவர் நவாப் ராஜமாணிக்கம் ஆனார். 1942இல் மேடையேறிய நாடகத்தில் ஔவையாக நடித்த டி. கே. சண்முகம் ஔவை சண்முகம் ஆனார். அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்த வி. சி. கணேசனை 1946இல் பெரியார் பாராட்டிச் 'சிவாஜி' என்றார். அப்புறம் கணேசன் என்ற பெயர் தனியாக நிற்கவே இல்லை. அன்பு மிகுதியால் கொடுத்த பெயர்கள்தாம். அந்த அன்பிலும்கூட, பெற்றோர் வைத்த பெயருக்கு முன்னால் வேஷத்தின் பெயரை நிறுத்தித்தான் நமக்குப் பழக்கம்.

1946இல் காரைக்குடிக்காரரான ஏ. வி. மெய்யப்பச் செட்டியார், தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையையும் அதைச் சுற்றியிருந்த இடத்தையும் எடுத்துச் சினிமா ஸ்டூடியோ அமைத்தார். மேடை நாடகமாக இருந்த 'நாம் இருவர்' அங்கேதான் படமாகி 1947இல் வெளிவந்தது. 1948இல் ஸ்டூடியோ சென்னைக்குப் போய்விட்டது. ஆனால் அந்தக் கொட்டகை மாறியது ஒரு பெரிய மாறுதலுக்கு அடையாளம். ஒன்ஸ்மோர் கேட்டாலும் திரையில் இருப்பவர் திரும்பிப் பாடமாட்டார். கல்லெறிந்தாலும் அவர்மேல் படாது. சபையோரும் நடிகரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே போய்விட்டது. அதற்குப் பிறகு வேஷத்தின் செல்வாக்கு வானளாவ வளர்ந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த எம். ஜி. இராமச்சந்திரன் 1977இல் முதலமைச்சரானார். சாட்சி சொல்லத் தகாதவன் என்று சாஸ்திரம் ஒதுக்கிய கூத்தாடி, சட்டம் செய்யும் சபைக்கே தலைவரானார். இதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஓர் இழிவு துடைக்கப்பட்டது. ஆனால் அந்த மரியாதை, ஓலைப் பந்தலில் விடிய விடிய ஆடுகிறவனுக்கு இறங்கி வரவில்லை.

காந்தியடிகள் தம் சுயசரிதையில் சிறு வயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்ததைச் சொல்லுகிறார். தந்தையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்த அந்த நாடகம் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. மனத்துக்குள்ளே அதைத் திரும்பத் திரும்ப எத்தனையோ முறை நடித்துப் பார்த்ததாகவும், எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல் உண்மையாக இருக்கக் கூடாது என்று ஏங்கியதாகவும் எழுதியிருக்கிறார். உலகம் கண்ட நாடக ரசிகர்களில் அவரைவிடப் பெரிய ரசிகர் யார்? அன்றிரவு அரிச்சந்திரனாக நடித்தவரின் பெயர் என்ன? அந்தப் புத்தகத்தில் அது இல்லை. தேசத்தின் சரித்திரத்தையே தொட்ட ஒரு நடிப்பு. நடித்தவர் பெயரில்லாமல் போனார். மகாத்மாவின் நினைவிலேயே வேஷம்தான் தங்கியது என்றால், சாதாரண சபையோரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது!

ஸ்பெஷல் நாடகம் செத்துவிடவில்லை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் போன்ற ஊர்களில் நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் நடிகர்கள் அவருக்குக் குருபூஜை செய்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கிராமங்களில் இன்றும் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் வள்ளி திருமணமும் அரிச்சந்திரனும் நோட்டீஸில் ஏறுகின்றன. சபையில் பாய்கள் குறைந்து நாற்காலிகள் வந்துவிட்டன. பபூன் அறிவிக்கும் அன்பளிப்புத் தொகை உயர்ந்திருக்கிறது. இளைஞர்கள் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குமேல் ஒருவர் இருவராய்க் கழன்றுகொள்ளுகிறார்கள். மூன்று மணிக்கு மயானத்தில் நிற்கும் அரிச்சந்திரன், சில சமயம் அம்மனுக்கும் பத்துப் பதினைந்து கிழவிகளுக்கும் மட்டுமே நடிக்க வேண்டியிருக்கிறது. அந்த மேடைகளில் நடிக்கும் பெண்ணுக்கு இன்னமும் சொந்த ஊரில் நல்ல பெயர் சுலபமாகக் கிடைப்பதில்லை. இரவெல்லாம் வள்ளியாக இருந்து கும்பிடு வாங்கியவள், விடிந்தபின் பஸ் நிறுத்தத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

நாட்டிய சாஸ்திரம் சொன்ன வெற்றிகளில் சிரிப்பையும் ஆரவாரத்தையும் பணத்தையும் நாம் தாராளமாகவே கொடுத்துவிட்டோம். எழுந்து நிற்பது என்று ஒன்று அந்த ஜாபிதாவில் இருக்கிறது அல்லவா? அதைத் திருமுருகனுக்குச் செய்கிறோம்; திரைக்குப் பின்னால் வேஷம் கலைத்துவிட்டு வருகிறவருக்கு இன்னும் செய்யவில்லை. அது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு அவர் வரும்போது ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, "ஐயா, தங்கள் பெயர் என்ன? எந்த ஊர்?" என்று கேட்க வேண்டும். சோழன் அதைக் கேட்டுக் கல்லில் வெட்டிவைத்தான். நாம் நெஞ்சில் வைத்தால் போதும்.

கூத்தாடி கிழக்கே பார்ப்பது கூலிக்காக மட்டுமல்ல. விடிந்தால் தன் முகம் தெரியும் என்பதற்காகவும்தான்.